கை சொன்ன எடை

வலது கை முழங்காலுக்கு அடியில் போக வேண்டும். இடது கை முதுகைச் சுற்றி வந்து அக்குளுக்குக் கீழே நிற்க வேண்டும். இடுப்பில் கட்டிய அகலமான பட்டை மகனின் தொடைக்கு அடியில் ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வந்து தோளில் மாட்டிக்கொள்ள வேண்டும். இத்தனையும் ஆன பிறகுதான் மூச்சை இழுப்பார். "ம்" என்பார். மகனும் "ம்" என்பான். கட்டிலுக்கும் சக்கர நாற்காலிக்கும் நடுவே மூன்றடி. அறுபத்தேழு வயசு அப்பன் முப்பத்தொன்பது வயசுப் பிள்ளையைக் கையில் ஏந்திக்கொண்டு அந்த மூன்றடியைக் கடப்பது ஒரு நாளைக்கு ஆறு தடவை நடக்கும். குளியலறைக்குப் போகிற இரண்டு தடவை தனி. அன்று காலை தூக்கியபோது பிள்ளை இன்னும் லேசாகத் தெரிந்தான். பட்டையே வேண்டியிருக்கவில்லை. அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தியாடா துரை, நான் குடிக்கிற பவுடர் நல்லா பிடிச்சிடுச்சு" என்றார். துரை "ம்" என்றான், தூக்கும்போது சொல்லும் அதே "ம்".

துரை என்பது அவன் அம்மா வைத்த பட்டப்பெயர். உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லோரையும் வேலை வாங்குகிறான், பெரிய துரை என்று சின்ன வயசில் கேலியாகச் சொன்னது அப்படியே ஒட்டிக்கொண்டது. அவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கும் கம்பெனியில் முப்பத்துநான்கு வருஷம் வேலை பார்த்தவர். சேர்ந்த புதிதில் ஒரு நாள், மாடிப்படியில் இரண்டு பேர் தூக்க வேண்டிய இரும்பு பீரோவை, கூட வரவேண்டியவன் வரவில்லை என்று தானே முதுகில் ஏற்றிக்கொண்டு மூன்று மாடி ஏறிவிட்டார். அன்றிலிருந்து "பீரோ" என்றால் அந்த ஊரில் பாதிப் பேருக்கு இவர்தான். அதில் பெருமை இரண்டு நாள்தான் இருந்தது. மூன்றாம் நாளிலிருந்து மேஸ்திரி எல்லா பீரோவையும் இவர் ஒருத்தர் தலையிலேயே கட்டினான். அதனால் பின்னாளில் வேலைக்குப் புதிதாக வருகிறவனிடம் முதல் பாடமாக அதைத்தான் சொல்லுவார். எவ்வளவு தெம்பு இருந்தாலும் தனியாகத் தூக்காதே, மறுபக்கம் பிடிக்க ஆள் வரட்டும் என்பார். இந்தக் கதையைத் துரை ஆயிரம் தடவை கேட்டிருப்பான்.

அந்த வேலையில் யாரும் தராசு வைத்துக்கொள்வதில்லை. கைதான் தராசு. ஒரு மூலையைப் பிடித்து அரை அங்குலம் உயர்த்திப் பார்த்தால் போதும், உள்ளே புத்தகமா பாத்திரமா, யாராவது சோம்பேறித்தனமாகத் தண்ணீரைக் கொட்டாமல் வாஷிங் மெஷினைக் கட்டியிருக்கிறார்களா என்று அவர் கை சொல்லிவிடும். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை என்று பீற்றிக்கொள்வார். வீட்டிலும் எடை பார்க்கும் மெஷின் கிடையாது. எதற்கு அது, கை எங்கே போச்சு என்பார். தன் கை இருபது வருஷம் கழித்துத் தன்னையே ஏமாற்றும் என்று அவர் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார். அப்படிச் சொல்வதும் நியாயமில்லை. கை ஏமாற்றவில்லை. அது சரியாகத்தான் சொல்லியது. இவர்தான் அதைத் தனக்குப் பிடித்த மாதிரி கேட்டுக்கொண்டார்.

துரைக்குப் பிறக்கும்போதே மூளைக்குக் காற்றுப் போவது கொஞ்ச நேரம் நின்றுபோயிருந்தது. கால் இரண்டும் விளங்கவில்லை, வலது கை மார்போடு மடங்கிக் கிடக்கும். இடது கை மட்டும் ஒரு மாதிரி சொன்ன பேச்சைக் கேட்கும். ஸ்பூன் பிடிப்பான். போனைக் கட்டைவிரலால் தட்டி, முகம் தெரியாத ஆட்களோடு செஸ் விளையாடுவான், பெரும்பாலும் ஜெயிப்பான். பேச்சு தொண்டையில் தடுக்கித் தடுக்கி வரும், ஆனால் வருகிற நாலு வார்த்தையும் குத்துகிற இடத்தில் குத்தும். அம்மா இருந்தவரை இரண்டு பேரும் சேர்ந்து அப்பனைக் கேலி செய்தே பொழுதைக் கழித்தார்கள். அவள் போய் நாலு வருஷம் ஆகிறது. சாகிற வாரத்தில் அவள் புருஷனிடம் கேட்டது ஒன்றே ஒன்று, அவனுக்கு முன்னால் நீங்கள் போய்விடாதீர்கள் என்பது. மாட்டேன் என்று சொல்லியிருந்தார். இதெல்லாம் மனுஷன் கையில் இருக்கிற காரியமா என்ன. ஆனாலும் சொல்லிவிட்டார்.

எட்டு மாசத்துக்கு முன்னால் குளியலறையில் அவர் கால் வழுக்கியது. பிள்ளையோடு சேர்ந்து விழுந்தார். எதிர்வீட்டுக்காரர்கள் கதவைத் தள்ளி உள்ளே வரும்வரை முக்கால் மணி நேரம் இருவரும் ஈரத் தரையில் கிடந்தார்கள். துரைக்கு நெற்றியில் மூன்று தையல். செய்தி போய், வேறு ஊரில் இருக்கும் மூத்த மகள் ஓடி வந்தாள். நல்ல பெண்தான். அவளுக்கு இரண்டு குழந்தைகள், ஷிஃப்ட் வேலை, படுக்கையில் கிடக்கும் மாமியார். தம்பியை எடுத்துப்போக வழியில்லை என்று சொல்லும்போதே அவள் அழுதுவிட்டாள். இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றில் அவன் பெயரைப் பதிந்துவிட்டுத்தான் கிளம்பினாள். ஊருக்குப் போய் மறுநாள் போன் செய்தாள். அவர் எப்போதும் போல ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினார்.

"அப்பா, உங்களால தூக்க முடியுற வரைக்கும் அவன் வீட்டுலயே இருக்கட்டும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். முடியலைன்னு ஆகிற அன்னைக்கு, நீங்க அழுதாலும் கேக்க மாட்டேன், வந்து கூட்டிட்டுப் போய்ச் சேத்துடுவேன். ரெண்டு பேரையும் ஒரே நாள்ல என்னால இழக்க முடியாது."

அந்த இல்லத்தை அப்பனும் பிள்ளையும் ஒரு நாள் போய்ப் பார்த்திருந்தார்கள். ஒரு அறைக்கு ஆறு கட்டில். யாரும் பார்க்காத டிவி ஒன்று கத்திக்கொண்டிருந்தது. நாற்காலியிலிருந்து சரியாமல் இருக்க ஒருவரைப் படுக்கை விரிப்பால் கட்டி உட்கார வைத்திருந்தார்கள், அவர் தூங்கிக்கொண்டிருந்தார். வேலை செய்கிறவர்கள் கெட்டவர்கள் இல்லை, ஆள் போதவில்லை, அவ்வளவுதான். திரும்பி வரும்போது துரை வண்டியில் வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து, தன் கட்டிலில், தெருவும் எதிரே தையல் கடையும் தெரிகிற தன் ஜன்னலுக்குப் பக்கத்தில் படுத்த பிறகுதான் சொன்னான். "அப்பா, அங்க ஜன்னல் எல்லாம் உயரத்துல இருக்கு." அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

அன்றைக்குப் பிடித்தார் ஒரு பிடிவாதம். கிழவனாகக் கூடாது. கிழவனானாலும் தெம்பாக இருக்க வேண்டும். டாக்டரிடம் போய், இவனைத் தூக்குகிற சக்தி இன்னும் இருபது வருஷம் வேண்டும், என்ன செய்ய என்று கேட்டார். சின்ன வயசு டாக்டரம்மா, சிரிக்காமல் பதில் சொன்னாள். வயசானால் முதலில் கரைவது சதைதான், அதைக் காப்பாற்றினால் பாதி வேலை முடிந்த மாதிரி என்றாள். தினமும் நடக்க வேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது கனம் தூக்கும் பயிற்சி, ஒவ்வொரு வேளையும் முட்டையோ மீனோ பயறோ ஏதாவது ஒன்று, உப்பும் சர்க்கரையும் குறைவு, தூக்கம் ஏழு மணி நேரம். ரத்தத்தில் வைட்டமின் டி குறைவாக இருந்ததால் அதற்கு வாரம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தாள். வாரம் ஒன்று என்பதற்கு அடியில் கோடும் போட்டாள். கடைசியில், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து எழுந்து உட்காரச் சொன்னாள். அரை நிமிஷத்தில் பதினொன்று வந்தது. உங்கள் வயசுக்கு இது போதும், இதைக் குறையாமல் பார்த்துக்கொண்டால் சரி என்று அனுப்பினாள்.

குறையாமல் பார்த்துக்கொள்வதாவது. கூட்டிக் காட்டுகிறேன் பார் என்று இறங்கிவிட்டார். விடிந்ததும் நாற்பது நிமிஷம் நடை. சாயங்காலம் மொட்டை மாடியில், பழைய பெயிண்ட் வாளிகளில் மணலை நிரப்பி வைத்துத் தூக்குவது. காலையில் இரண்டு முட்டை, மத்தியானம் ஒன்று, ராத்திரி பயறு. ஜிம்முக்குப் போகும் பையன்கள் குடிக்கிற பவுடர் டப்பா ஒன்று. கால்சியம், மீன் எண்ணெய் உருண்டை, மூட்டுக்கு ஒன்று, நரம்புக்கு ஒன்று. எல்லாவற்றையும் ஜன்னல் மேடையில் வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். துரை அதைப் பார்த்து, "அப்பா, மருந்துக்கடைக்காரம்மா நம்மகிட்ட வந்து வாங்கிட்டுப் போகலாம்" என்றான்.

அவர் செய்த தப்பு ஒரு சுமை தூக்குகிறவன் மட்டுமே செய்யக்கூடியது. லாரியில் சாமான் கட்டும்போது கயிறு இரண்டு சுற்றுப் போதும் என்றால் மூன்றாவது சுற்று ஒன்று போடுவார்கள். கூடக் கட்டி எதுவும் உடைந்ததில்லை, குறைத்துக் கட்டித்தான் உடைந்திருக்கிறது. முப்பத்துநாலு வருஷம் கைக்குப் பழகிய அந்த வழக்கத்தில், வாரம் ஒன்று என்று கோடு போட்டுக் கொடுத்த மாத்திரையைத் தினம் ஒன்று என்று விழுங்க ஆரம்பித்தார். ஒரே கடையில் கேட்டால் அந்த அம்மா ஏன் எதற்கு என்று குடையும். அதனால் இரண்டு கடையில் மாற்றி மாற்றி வாங்கினார். இந்தச் சாமர்த்தியத்துக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாற்காலிப் பரீட்சை நடக்கும். துரை கட்டிலிலிருந்து போனில் அரை நிமிஷம் வைப்பான். அவர் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்து எழுந்து உட்காருவார். மூச்சு வாங்கும்போது எண்ணிக்கை எங்கே நினைவிருக்கும், எண்ணுவது பிள்ளையின் வேலை. முதல் மாசம் பதினொன்று. அப்புறம் பன்னிரண்டு. ஐந்தாம் மாசம் பதினாலு என்று துரை சொன்னபோது அவருக்குக் கண் கலங்கிவிட்டது. உடனே மகளுக்குப் போன் போட்டு, "பதினாலும்மா, உங்கப்பன் பின்னால போகாம முன்னால போறான்" என்றார். மகள் வீடியோவில் தம்பியைக் காட்டச் சொன்னாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தம்பி இளைத்த மாதிரி இருக்கிறானே என்றாள். இளைக்கவில்லை, முடி வெட்டியிருக்கிறோம், அதனால் முகம் அப்படித் தெரிகிறது என்றார் இவர். தினமும் குளிப்பாட்டுகிற கைதான், விலா எலும்பில் சோப்பு இடறுவது அதற்குத் தெரியாமலா இருந்திருக்கும். பிள்ளையின் தோள் எலும்பு கூராகிக்கொண்டு வந்தது தெரிந்தது. அதைவிடப் பெரிதாக, அவன் லேசாகிக்கொண்டு வருவது தெரிந்தது, அந்தச் சந்தோஷத்தில் மற்றது எல்லாம் கண்ணில் படவில்லை. படவிடவில்லை என்பதுதான் சரி.

அவருக்கே ஒரு மாதிரி இருந்தது. எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் நாக்கு வறண்டது. நாலு நாளைக்கு ஒரு தடவைதான் வயிறு இளகியது. சாப்பாட்டைக் கண்டால் குமட்டியது, ஆனாலும் மருந்து மாதிரி உள்ளே தள்ளினார். மாடியில் வாளியைத் தூக்கும்போது கை நடுங்கியது. வாளி நடுங்குகிறதே தவிரப் பிள்ளை நடுங்கவில்லை, அவன் பஞ்சு மாதிரி வருகிறான், அப்புறம் என்ன என்று தன்னைத்தானே சமாதானம் செய்துகொண்டார். இன்னொன்றும் கவனித்தார். துரையின் கட்டிலோரம் மாட்டியிருந்து, காலையில் கீழே கொண்டுபோய்ப் போடும் டயப்பர் பை முன்பைவிடக் கனமாக இருந்தது. புது கம்பெனி டயப்பர், நிறைய உறிஞ்சுகிறது போல என்று நினைத்துக்கொண்டார்.

அன்று காலை அவர் டாக்டரிடம் போனது பெருமை அடித்துக்கொள்ளத்தான். முந்தாநாள் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்திருந்தார். துரைக்கு ஓட்ஸும் ஒரு முட்டையும் கட்டிலோடு சேர்ந்த பலகையில் வைத்துவிட்டு, பையைக் கீழே தொட்டியில் போட்டுவிட்டு, சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டு போனார். டாக்டரம்மா ரிப்போர்ட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிடியின் பலம் தெரிய, கையால் அமுக்கிப் பார்க்கும் கருவி ஒன்றைக் கொடுத்தாள். அமுக்கினார். முள் பாதி தூரம்கூடப் போகவில்லை. கருவியில் கோளாறு இருக்கும் என்றார். அவள் இன்னொரு கருவியைக் கொடுத்தாள். அதிலும் அதே கதைதான். அப்புறம் நாற்காலி. எட்டாவது தடவை எழும்போது கால் துவண்டு உட்கார்ந்துவிட்டார்.

அவள் கேட்கக் கேட்க எல்லாம் வெளியே வந்தது. அந்த மாத்திரையை எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்றதற்கு, ஒரு நாள்கூடத் தவறியதில்லை, தினம் ஒன்று என்று நல்ல மாணவன் மாதிரி சொன்னார். அவள் பேனாவை மூடி வைத்தாள். கோபப்படவில்லை. ரத்தத்தில் கால்சியம் கூடாத அளவுக்கு ஏறிவிட்டது, எலும்புக்குப் போக வேண்டியது ரத்தத்தில் கிடந்து சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது, சதையைத் தளர்த்துகிறது, இந்தத் தாகமும் குமட்டலும் அதனால்தான் என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். இன்று சாயங்காலமே ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், ஒரு வாரம் ஆகலாம், விட்டால் இதயத்தையே பிடித்துவிடும் என்றாள். அவர் காதில் ஒரு வாரம் என்பது மட்டும்தான் விழுந்தது.

"தெம்பு குறைஞ்சிருந்தா எனக்குத் தெரியாதா டாக்டர்? வீட்டுல பதினாலு எந்திரிக்கிறேன்."

"யார் எண்ணுறாங்க?"

"என் பையன்."

அவள் ரிப்போர்ட்டைத் தள்ளி வைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"அவரைத் தூக்குறது இப்ப சுலபமா இருக்குன்னு சொன்னீங்களே. அவர் எடை எவ்வளவு?"

"அம்பத்தாறு."

"எப்பப் பார்த்தது?"

தையல் போட்ட அன்று ஆஸ்பத்திரியில் பார்த்தது. எட்டு மாசம். அதைச் சொல்ல வாயைத் திறந்தவர் அப்படியே நின்றார். காலையில் தூக்கியது கையில் இன்னும் இருந்தது. வலது கையில் இவ்வளவு, இடது கையில் இவ்வளவு. அந்தக் கை இப்போது ஒரு கருவியைக்கூட அமுக்க முடியாத கை. வெளியே உட்கார்ந்திருந்த பெண், சொந்தக்காரர் யாராவது ஒருவரின் நம்பர் வேண்டும் என்று கேட்டாள். மகளின் நம்பரைச் சொன்னார். தப்பாகச் சொல்லலாம் என்று கடைசி இரண்டு எண்ணில் ஒரு நினைப்பு வந்தது. அதற்குள் வாய் சரியாகச் சொல்லிவிட்டது.

தெரு முனைத் தொட்டியில் காலையில் அவர் போட்ட அந்தக் கனமான பை அப்படியே கிடந்தது. பட்டப்பகலில், இஸ்திரி போட்ட சட்டையோடு, குப்பைத் தொட்டிக்குள் கை விட்டு அதை எடுத்தார். தையல் கடைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பார்த்தால் பார்த்துக்கொள்ளட்டும். முடிச்சை அவிழ்த்தார். சுருட்டிய டயப்பர்களுக்கு நடுவே செய்தித்தாளில் மடித்த பொட்டலங்கள் இருந்தன. ஒரு கையால் மடித்த கோணல் மடிப்பு. நேற்று மத்தியானத்து மீன். நேற்று ராத்திரி ரொட்டி, நாலாய் மடித்தபடி. ஒரு முழு முட்டை, இவர் ஓடு உரித்துக் கொடுத்தது, பல் படாமல் இருந்தது. இவர் நடக்கப் போகிற நாற்பது நிமிஷத்திலும் மாடிக்குப் போகிற அரை மணியிலும் அந்த ஒற்றைக் கை எவ்வளவு வேலை பார்த்திருக்கிறது. பெற்ற வயிறு பற்றி எரியும் என்பார்கள், பெறாத வயிறும் எரியும் என்று அவருக்கு அங்கே தெரிந்தது. தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

மாடி ஏற நாலு தடவை உட்கார வேண்டியிருந்தது. உள்ளே துரை ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு கிடந்தான். தொட்டியருகே அவர் நின்றதை அந்த ஜன்னலிலிருந்து பார்த்திருப்பான். பலகையில் ஓட்ஸ் கிண்ணம் காலியாக, துடைத்தாற்போல இருந்தது. பட்டையைக் கட்டவில்லை. வலது கையை முழங்காலுக்கு அடியில் விட்டார், இடது கையை முதுகைச் சுற்றிக் கொண்டுவந்தார். "ம்" என்றார். துரை பதில் சொல்லவில்லை. தூக்கி, எங்கேயும் கொண்டுபோகாமல், நின்ற இடத்திலேயே நின்று கையைக் கேட்டார். இத்தனை மாசமும் கேட்க வேண்டிய விதத்தில் கேட்டார். நாற்பது. கூடவோ குறையவோ ஒன்று. பிள்ளையில் பதினாறு கிலோவைக் காணோம். அவ்வளவு லேசான அந்த நாற்பதிலேயே அவர் முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது. மெல்லக் கட்டிலில் இறக்கி, தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எத்தனை நாளாடா?"

அவனுக்கு வார்த்தை வர நேரம் ஆகும், அவருக்கு அது பழக்கம்.

"அக்கா... போன் பண்ணுன மறுநாள்லேர்ந்து."

"எண்ணிக்கையும் பொய்யா?"

"நீங்க நல்லாத்தான் பண்ணுனீங்க" என்றான். பிறகு, "ஒன்பது வரைக்கும்" என்றான்.

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். திட்ட வேண்டும் என்று தோன்றியது, அறைய வேண்டும் என்றுகூடத் தோன்றியது. யாரை என்றுதான் தெரியவில்லை. ஜன்னல் மேடையில் டப்பாக்கள் வெயிலில் பளபளத்துக்கொண்டு நின்றன. இந்த வீட்டில் இரண்டு பேர் இருந்தார்கள், ஒருத்தன் தின்று தின்று கரைந்தான், ஒருத்தன் தின்னாமல் கரைந்தான், இதில் ஒருத்தன் பவுடரைப் புகழ்ந்துகொண்டு வேறு திரிந்தான்.

"ஏன்டா இப்படிப் பண்ணுன?" என்று மட்டும் கேட்டார்.

"பீரோவத் தனியாத் தூக்கக் கூடாதுன்னு... நீங்கதானே சொல்வீங்க." மூச்சு வாங்கினான். "மறுபக்கம் பிடிக்க ஆள் வேணும்னு. வேற ஆள் இல்ல. என்னால முடிஞ்ச பக்கத்த... நான் பிடிச்சேன்."

மேஜை மேல் அவர் போன் அதிர ஆரம்பித்தது. பார்க்காமலே மகள் என்று தெரிந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து சொல்லியிருப்பார்கள். மறுபடி மறுபடி அடித்து நின்றது. சாயங்காலத்துக்குள் அவள் வண்டி பிடித்துவிடுவாள், வந்ததும் சொன்னதைச் செய்வாள், செய்யத்தான் வேண்டும். அவர் எழுந்து அடுப்படிக்குப் போனார். தனக்கென்று காலையில் அவித்து, குமட்டலில் சாப்பிடாமல் வைத்துவிட்டுப் போன இரண்டு முட்டை இருந்தது. உரித்தார். ஓடு சதையோடு சேர்ந்து பிய்ந்து வந்தது, விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. கிண்ணத்தில் மசித்துக் கொஞ்சம் பாலும் உப்பும் விட்டுப் பிசைந்து எடுத்துக்கொண்டு வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார்.

"வாயத் தொற."

துரை உதட்டை இறுக்கிக்கொண்டான்.

"சின்னப் பிள்ளையாட்டம் பண்ணாத. தொற."

"சாப்பிட்டா... நாளைக்கு உங்களால முடியாதுப்பா."

பொய் சொல்லலாம். முப்பத்தொன்பது வருஷத்தில் இவனிடம் சொன்ன பொய் ஒன்றுகூட நிலைத்ததில்லை. நாளைக்கு யார் தூக்குவார்கள், எந்தக் கட்டிலில், எவ்வளவு உயரத்தில் இருக்கும் ஜன்னலுக்குக் கீழே என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. அவர் ஸ்பூனை அவன் வாய்க்கு நேராக நீட்டிப் பிடித்துக்கொண்டே இருந்தார். ஒரு ஸ்பூன் முட்டை என்ன கனம் இருந்துவிடப் போகிறது. ஆனால் கை ஆட ஆரம்பித்தது. முதலில் விரல், பிறகு மணிக்கட்டு, பிறகு முழங்கை வரை. ஒரு துணுக்கு துரையின் சட்டையில் விழுந்தது. நிறுத்தப் பார்த்தார், முடியவில்லை. மேஜையில் போன் மறுபடியும் அதிர்ந்தது.

துரை அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் அவன் இடது கை போர்வைக்கு அடியிலிருந்து கோணலாக, மெதுவாக எழுந்து வந்தது. வந்து ஸ்பூனின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டது. ஆட்டம் கொஞ்சம் அடங்கியது. உதடு இன்னும் மூடியேதான் இருந்தது. இரண்டு கையும் பிடித்த அந்த ஸ்பூன், வாய்க்கும் கிண்ணத்துக்கும் நடுவே, எந்தப் பக்கமும் போகாமல் நின்றது.